ஒன்பது மீட்டரும் ஒன்றரைச் சாணும்

முதலில் தப்புச் செய்தவர் தேவசகாயம். யார் கேட்டாலும் ஆவுடையப்பன் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்.

"டீச்சர், என்னை நடைக்காரன்னு எழுதிட்டாரு."

ரூபவதி டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"வேற யாரு? தேவசகாயம்தான்."

"எங்க எழுதினாரு?"

"சுவத்துல! மழையில அழிஞ்சதைத் திரும்ப எழுதி வச்சிருக்காரு, ஊரே பாக்குற மாதிரி!"

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அந்த மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மைல் ஓடுவார்கள். நாலு சுற்று. தேவசகாயம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கடிகாரம், விசில், சாக்பீஸ் மூன்றும் அவர் கையில். பத்து நிமிடத்துக்குள் முடித்தவர்கள் பெயர் கிழக்குச் சுவரில் 'ஓட்டக்காரர்' பக்கம். ஒரு நொடி கூடினாலும் 'நடைக்காரர்' பக்கம். சட்டம் போட்டது அவர். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

ஓட்டக்காரர் பக்கத்தில் முதல் பெயர் அவருடையதே. ஒன்பது நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓடியது. அதோடு முட்டி போய்விட்டது, அப்புறம் ஓடவில்லை. ஆனால் மழை பெய்து சுவர் கழுவிப் போனால், மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த வரியைத்தான் எழுதுவார்.

ஆவுடையப்பனுக்குப் பத்து நிமிடம் பதினோரு நொடி.

"பதினோரு நொடி டீச்சர். ஒரு தும்மல் ரெண்டு தும்மல் போடுற நேரம். அதுக்கு நான் நடைக்காரனா?"

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

ஆவுடையப்பனுக்கு அதுதான் வலி. அவர் மனைவி பகவதி பால் வாங்கிக்கொண்டு அந்தச் சுவர் ஓரமாகத்தான் வருவாள்.

"எட்டு மாசமா விடியக்காலையில ஷூவை மாட்டிக்கிட்டுப் போறீக, நடக்கத்தான் போறீகன்னா பழைய செருப்பே போதுமேங்கா."

டீச்சர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பேரு அந்தப் பக்கம் மாறலன்னா, ஷூவைத் தூக்கிக் கிணத்துல போட்டுருவேன். இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன். சத்தியமா."

டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஆவுடையப்பன் டயர் கடைக்காரர். வயது ஐம்பத்தொன்பது. டீச்சர் அவரைவிடப் பதினேழு வயது இளையவர். இரண்டு சுற்றில் மூச்சுத் திணறி உட்கார்ந்தவரை, கையைப் பிடித்து இழுக்காமல் பக்கத்தில் சும்மா நடந்து வந்தே நாலு சுற்று ஓட வைத்தவர். அதனால் அவர் டீச்சர் என்று கூப்பிடுவது பள்ளிக்கூட வேலைக்காக மட்டும் இல்லை.

"நீங்க சொல்லுங்க டீச்சர். ஒரு மைலை எத்தனை நிமிஷத்துல ஓடினா வேகம்?"

"நாலு நிமிஷத்துக்கு உள்ள ஓடுதவங்க இருக்காங்க அண்ணாச்சி. அவங்களுக்குத் தேவசகாயம் சாரே நடைக்காரருதான்."

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் விடவில்லை.

"அது பெரிய ஆளுக. நம்மள மாதிரி ஆளுக்கு?"

"பழகின ஆளு ஏழு எட்டுல ஓடுவாங்க. ஒன்பது பத்துன்னாலும் நல்லாத்தான் ஓடுதாங்கன்னு சொல்லுவாங்க. நம்மள மாதிரின்னா எந்த மாதிரி?"

"நாள் பூரா லாரி டயரைப் புரட்டுற ஆளு. ராத்திரி மூணு தட்டு சோறு திங்குற ஆளு."

"அந்த ஆளு போன மாசம் எத்தனை?"

"பத்து பதினொண்ணு."

"அதுக்கு முந்தி?"

"பத்து நாப்பது."

"முதல் மாசம்?"

"முதல் மாசம்தான் உங்களுக்குத் தெரியுமே. புல்லுல கெடந்தேன்."

டீச்சர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். ஒரு முனையை நீட்டினார்.

"பிடிங்க."

ஆவுடையப்பன் பிடித்தார். டீச்சர் ஓட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து பின்பக்கமாக நடந்தார். ஒன்பது மீட்டரும் ஒன்றரைச் சாணும் போய் நின்றார். அங்கே இன்னொரு கோடு போட்டார்.

"இது எதுக்கு?"

"மைலுக்கு."

"மைலுக்குத்தான் அங்க ஒரு கோடு இருக்கே?"

"நம்ம சுத்து நானூறு மீட்டர். நாலு சுத்துக்கு எவ்வளவு?"

"ஆயிரத்தி அறுநூறு."

"மைல் ஆயிரத்தி அறுநூத்தி ஒன்பது. சொச்சமும் உண்டு."

சொல்லிவிட்டு டீச்சர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் அங்கேயே நின்றார். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் ஒரு டயர் ஒரு தடவை உருண்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கண்ணால் சொல்லிவிடுவார். இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நாற்பது அடி போனார். மைல் ஓடும் வேகத்தில் ஓடி வந்து இரண்டு கோட்டையும் தாண்டினார்.

"டீச்சர்! இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் எத்தனை நொடி?"

"மூணரை."

ஒன்பது ஐம்பத்தெட்டோடு மூணரையைக் கூட்டினார். விரலை விட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

பிறகு தனியாகச் சிரித்தார். மைதானத்தில் நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், அந்த ஆளும் நடைக்காரருதான்! அவரு போட்ட சட்டத்துலயே! பத்து நிமிஷம் ஒண்ணரை நொடி!"

"ம்."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டு வருஷமாத் தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"நான் சொல்லட்டுமா? எல்லாரையும் வச்சுக்கிட்டு, சுவத்துக்கு முன்னாடி வச்சு, அளந்து காட்டட்டுமா?"

டீச்சர் டேப்பைச் சுருட்டி அவர் கையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டம் முடிஞ்சதும் திருப்பித் தாங்க."

அந்த வாரம் ஆவுடையப்பன் கடையில் யாரிடமும் எரிந்து விழவில்லை. டேப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார்.

ஞாயிறு காலை பதினோரு பேர் கோட்டில் நின்றார்கள். ஆவுடையப்பன் ஒன்பது மீட்டரும் ஒன்றரைச் சாணும் பின்னால் தனியாக நின்றார். டேப் கால்சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது.

"என்னவே பின்னால நிக்கீரு?" என்றார் தேவசகாயம். "கோடு இங்க இருக்கு."

"எனக்கு இங்கதான் கோடு."

"பயந்துட்டீரா?"

"நீரு விசிலை ஊதும்வே."

"நீரு திருச்செந்தூர்ல போய் நின்னாலும் என் கடிகாரம் ஒண்ணுதான். தெரிஞ்சுக்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். விசில் ஒலித்தது.

முதல் சுற்று லேசாகப் போனது. இரண்டாவது சுற்றில் வியர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாவது சுற்றில் விலாவில் குத்து விழுந்தது. ஆவுடையப்பன் நின்றுவிடலாம் என்று நினைத்தார். அவர் கடைசியில் இருந்தார். நின்றால் யாருக்கும் தெரியாது.

"வேய்! தோளை இறக்கும்!"

மூலையில் தேவசகாயம் நின்று கத்தினார்.

"டயரா தூக்குதீரு? கையைத் தளர்த்தும்! வாயால மூச்சை விடும்!"

'உம்ம வேலையைப் பாரும்' என்று சொல்லத்தான் நினைத்தார். சொல்ல மூச்சு இல்லை. தோளை இறக்கினார்.

அடுத்த மூலைக்கு வந்தால், அங்கேயும் தேவசகாயம் நின்றார்.

"நல்லா வாரீரு! விட்டுறாதீரும்! பத்துக்கு உள்ள வந்துருவீரு!"

அடுத்த மூலையிலும் நின்றார். அதற்கடுத்த மூலையிலும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கடிகாரம், மறு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு.

"ஓடும்வே! இப்போதான் ஓடணும்! ஆவுடையப்பா, ஓடுடா!"

ஆவுடையப்பன் ஓடினார். கோட்டைத் தாண்டி விழாமல் நின்றார்.

தேவசகாயம் கடிகாரத்தைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு நொடிவே! பத்து நிமிஷம் ரெண்டு நொடி! பாவி மனுஷா, பின்னால போய் நின்னீரே, இங்க நின்னிருந்தா உள்ள வந்திருப்பீரே!"

சொந்தப் பிள்ளை பரீட்சையில் ஒரு மார்க்கில் தோற்றதுபோல அவர் முகம் ஆகிவிட்டது. ஆனாலும் சாக்பீஸை எடுத்தார். நடைக்காரர் பக்கத்தில் 'ஆவுடையப்பன்' என்று எழுதினார். நல்ல எழுத்தாக, உருட்டி உருட்டி எழுதினார்.

பன்னிரண்டு பேரும் சுவருக்கு முன்னால் நின்றார்கள். ஆவுடையப்பன் கால்சட்டைப் பையில் கையை விட்டார். டேப் தட்டுப்பட்டது. வாயில் வார்த்தை தயாராக இருந்தது. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்த வார்த்தை.

அப்போது தேவசகாயத்தின் காலைப் பார்த்தார். வலது கால் வெறுங்காலாக இருந்தது. முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"செருப்பு எங்கவே?" என்றார் ஆவுடையப்பன்.

"எங்கயோ விழுந்துட்டு."

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். மைதானத்தின் நடுவே, புல்லில், ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது.

போய் எடுத்து வந்தார். அவர் காலடியில் போட்டார்.

எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் டேப்பைக் கொடுத்தார்.

"அளந்து காட்டினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"தெரியல. ஆனா அந்த ஆளு செஞ்சது தப்பு. அதுல மாத்தமே இல்ல. என் பேரு இன்னும் நடைக்காரர் பக்கம்தான் கிடக்கு. அவரு பேரு ஓட்டக்காரர் பக்கம். ஒன்பது மீட்டரும் ஒன்றரைச் சாணும் அவரு எனக்குத் தரணும். எப்போ தருவாருன்னு பாக்கேன்."

டீச்சர் தலையாட்டினார்.

"அது கிடக்கட்டும். நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல டீச்சர். ஒரு மைலுக்கு எது வேகம்?"

டீச்சர் மைதானத்தைப் பார்த்தார். பனியில் நனைந்த புல்லில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் காலடித்தடம் போயிருந்தது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்துக்கொண்டு. கொஞ்ச தூரத்துக்குச் செருப்புத் தடம். அப்புறம் வெறுங்கால்.

"அண்ணாச்சி, நீங்க ஒவ்வொரு மூலைக்கும் வரும்போது அவரு அங்க நின்னாரே."

"ஆமா."

"அவருக்கு யாரு நேரம் பாத்தா?"

ஆவுடையப்பன் அந்தத் தடத்தின் மேல் கால் படாமல் சுற்றி நடந்து வெளியே போனார்.

வீட்டுக்குப் போனதும் பகவதி வாசலிலேயே கேட்டாள்.

"நடைக்காரர் வந்தாச்சா? ஷூவைக் கிணத்துல போடப் போறீகளா, இல்ல நான் போடட்டுமா?"

"போடி. அதைத் தொடைச்சு வெயில்ல வையி."

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. ஆவுடையப்பன் ஒரு சீசாவில் நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்து வந்து, முட்டிக்குத் தேய்க்கச் சொல்லி, தேவசகாயத்தின் கையில் திணித்தார். பிறகு பின்னால் நடந்து போய்த் தன் கோட்டில் நின்றார்.

"மறுபடியும் அங்கதான் நிக்கீரா? இங்க வாரும்வே!"

"நீரு இங்க வாரும்."

தேவசகாயம் முன் கோட்டையும் பின் கோட்டையும் பார்த்தார். கோர்ட்டில் முப்பது வருடம் உட்கார்ந்த ஆள். சட்டென்று பார்வையைக் கடிகாரத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

"நேரமாச்சு" என்று சொல்லி விசிலை ஊதினார்.

பின் கோட்டுக்கு அவர் இன்னும் வரவில்லை.