ஆடு நக்கிய மண்டபம்

முன்னொரு காலத்தில், கடலோரத்து நெடுங்கழி நாட்டைக் கடம்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் முதலில் தண்டனை, அப்புறம்தான் விசாரணை. அப்படிப்பட்டவர் ஆசையாகக் குடிக்கப்போன பாயசத்தில், ஒரு நாள், சுவர்க் காரை பொத்தென்று விழுந்தது.

பழைய மண்டபமாக இருந்தாலாவது மன்னித்திருப்பார். இதுவோ கட்டி ஆறு மாதம்கூட ஆகாத விருந்து மண்டபம். சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, காரை உரிந்து, செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"கூப்பிடு கட்டட அதிகாரியை!" என்று கத்தினார் ராஜா.

கட்டட அதிகாரி திருமேனிராயர் ஓடி வந்தார். பாயசக் கிண்ணத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"மகாராஜா, சூளைக்காரி மாடத்தியின் கல்தான் வேண்டும் என்று தாங்கள்தானே உத்தரவு போட்டீர்கள்? அவள் கல்லின் லட்சணத்தைப் பாருங்கள்! அதே மாதம்தான் அடியேனும் வீடு கட்டினேன். என் சொந்தச் சூளைக் கல். ஒரு பொடி உதிரவில்லை."

"மாடத்தியின் சூளையை இடியுங்கள்! அவளை நாடு கடத்துங்கள்!" என்றார் ராஜா. வழக்கம்போல் தண்டனை முந்திக்கொண்டது.

மாடத்தியின் கல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மண்ணைப் புளிக்கப் போட்டு, மிதித்து, மறுநாளும் மிதித்து, உமி கலந்து, அச்சில் அறுப்பாள். வெயிலில் போட்டால் வெடிக்கும் என்று நிழலில் காயவைத்து, பிள்ளையைப் புரட்டுவதுபோல் ஒவ்வொரு கல்லையும் புரட்டிவிடுவாள். சூளை பிரிக்க எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும், சூடு தானாக ஆறும்வரை யாரையும் கிட்டே விடமாட்டாள். அவள் கல் இரண்டை எடுத்துத் தட்டினால் கோயில் மணிபோல் கணீரென்று கேட்கும். அப்படியும் ஒரு கை! ஒரு தடவை ராஜாவே தட்டிப் பார்த்துச் சபையில் புகழ்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் ராயருக்கு வயிற்றெரிச்சல் பிடித்தது.

சூளையை இடிக்கும் முன், காவலர்கள் மாடத்தியைப் பிடித்து மண்டபத்துக்குக் கூட்டிவந்தார்கள். அவள் அழவில்லை. சுவரடியில் உதிர்ந்து கிடந்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"மகாராசா, இது என் மண்ணு இல்லீங்க. கரிக்குது."

ராயர் சிரித்தார். "உன் நாக்கு உனக்குச் சாதகமாகத்தானே பேசும்?"

"நியாயம்தான் சாமி. அப்ப வேண்டியவங்க வேண்டாதவங்க பாக்காத நாக்கு ஒண்ணைக் கூட்டியாரட்டுமா?"

ராஜாவுக்குக் கோபம் போய் ஆர்வம் வந்துவிட்டது. "யாருடைய நாக்கு?"

"எங்க வீட்டு வெள்ளாட்டோடதுங்க."

சபை கொல்லென்று சிரித்தது. மாடத்தி மட்டும் சிரிக்கவில்லை. "என் குழியிலேர்ந்து ஒரு கூடை மண்ணு, ராயர் சாமி குழியிலேர்ந்து ஒரு கூடை மண்ணு. உங்க காவலருங்களே போய் எடுத்தாரட்டும்" என்றாள்.

ராயர் தாராளமாகத் தலையாட்டினார். மண்ணில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தார். செங்கல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டு கூடை மண்ணும் வந்தன, ஆடும் வந்தது. அதற்கு ராஜாவும் ஒன்று, கூஜாவும் ஒன்று. நேரே உப்புப் பூத்த சுவரிடம் போய்ச் சளக் சளக் என்று நக்க ஆரம்பித்தது. கொம்பைப் பிடித்து இழுத்து, இரண்டு கூடைக்கும் நடுவே விட்டார்கள். முதல் கூடையை மோந்து பார்த்தது, ராஜா பக்கம் திரும்பி ஒரு தும்மல் போட்டது. இரண்டாவது கூடையில் தலையை விட்டதுதான், எடுக்கவே இல்லை.

"இது யார் குழி மண்?" என்றார் ராஜா.

மண் எடுத்துவந்த காவலன் சொன்னான்: "ராயர் குழி மண், மகாராஜா."

"கழியோரத்து உவர் மண்ணுங்க அது" என்றாள் மாடத்தி. "நாங்க குழி தோண்டுற முன்னாடி ஆட்டை விட்டுப் பாப்போம். ஆடு நக்குற எடத்துல மம்பட்டி வைக்க மாட்டோம். அந்த மண்ணுல கல்லு அறுத்தா ஒரு மழைக்கு உப்பு வெளிய வந்துரும், கல்லையும் தின்னுரும்."

ராஜா மெல்ல ராயரைப் பார்த்தார். "அப்படியானால் என் மண்டபத்தில் இருப்பது உம்முடைய கல். உம்முடைய வீட்டில் இருப்பது?"

"அதையும் ஆட்டிடமே கேட்போம்" என்று ராஜாவே எழுந்தார்.

ராஜா முன்னே போக, ஆடு பின்னே போக, ஊரே ராயர் வீட்டுக்குப் போனது. ஆடு அந்தச் சுவரை நக்கவில்லை. முதுகு அரித்தது, தேய்த்துக்கொண்டது. வாசல் தோரணத்து மாவிலையைத் தின்றது. வேலிப் பக்கம் மிச்சம் கிடந்த கல் இரண்டை எடுத்து ராஜா தட்டினார். கணீர்! அந்தச் சத்தம் அவருக்கு மறக்குமா?

ராயர் காலில் விழுந்தார். அரண்மனைக்கு வந்த மாடத்தி கல்லை வழியிலேயே தன் வீட்டுக்குத் திருப்பியதையும், தன் அவசரச் சூளைக் கல்லை மண்டபத்தில் அடுக்கியதையும் ஒப்புக்கொண்டார்.

"மாடத்தி, அவசரப்பட்டுவிட்டேன் அம்மா" என்றார் ராஜா. அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னதற்காகவே அவரைப் பாராட்டலாம். "இனி இந்த நாட்டில் எந்தக் கட்டடத்துக்கும் நீ சரி என்று சொன்ன கல்தான். இந்தத் திருமேனிராயரின் பதவி உனக்கு."

"ஆட்டுக்குங்க?"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி ஆட்டின் கழுத்தில் போட்டார். அது அதையும் மென்று பார்த்தது.

"எனக்கு என்ன தண்டனை, மகாராஜா?" என்று முனகினார் ராயர்.

"தண்டனையா? கணக்கு நேர் செய்வோம், அவ்வளவுதான். உம்முடைய வீட்டை உம் கையாலேயே பிரித்து, ஒரு கல் உடையாமல் கொண்டுவந்து என் மண்டபத்தைக் கட்டும். மண்டபத்துக் கல் முழுவதையும் நீரே எடுத்துக்கொண்டு போய் வீடு கட்டிக் குடியிரும். உம்முடைய சொத்து எனக்கெதற்கு?"

மண்டபம் அதற்கப்புறம் எத்தனையோ மழை பார்த்தது. ஒரு பொடி உதிரவில்லை. ராயரும் புது வீட்டில் குடியேறினார். தினமும் பொழுது சாய்ந்து மேய்ச்சல் திரும்புகிற நேரத்தில், ஊர் ஆடெல்லாம் அவர் வீட்டைச் சுற்றி வரிசையாக நின்று சுவரை நக்கும். ராயர் கம்போடு வெளியே ஓடி வருவார். அவர் ஒரு பக்கம் விரட்ட, ஆடுகள் மறு பக்கம் போய், விட்ட இடத்திலிருந்து தொடரும்.