மடிக்கு டிக்கெட் கிடையாது

கோணப்பட்டியில் புத்தி கெட்டவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. இருந்தால்தானே கெடுவதற்கு!

அந்த ஊர்ச் சங்கிலிமுத்துவுக்கு அன்று தலைபோகிற காரியம். தங்கை அன்னக்கொடியின் மகளுக்குச் சித்திரங்குளத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். "பத்து மணிக்குள்ள வரலைன்னா, பிள்ளைய என் கொழுந்தன் மடியில உக்கார வச்சிருவேண்ணே" என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். அதை நினைத்தாலே சங்கிலிமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

துணைக்கு அவன் பங்காளிகள் ஒச்சப்பனும் மொக்கராசும் விடியும்போதே கிளம்பினார்கள். சலுகை இல்லாமல் ஒரு அடி நகர்வதில்லை என்பது மூவரின் கொள்கை.

முதலில் ரயில் நிலையம். ஒரு மாதம் முன்பே பதிந்தால்தான் சலுகை என்றார்கள்.

"அப்ப நாங்க போன மாசமே கிளம்பிட்டதா வச்சு மூணு டிக்கெட் குடுங்க" என்றான் ஒச்சப்பன்.

"போன மாசம் கிளம்பியிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பீங்களேய்யா!" என்று எரிந்து விழுந்தார் டிக்கெட் கொடுப்பவர்.

மூவரும் திடுக்கிட்டுப் போனார்கள். ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்து, இன்னும் போய்ச் சேரவில்லை என்று உறுதியான பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

பஸ்ஸுக்குச் சலுகை அட்டை சங்கிலிமுத்துவிடம் மட்டும் இருந்தது. அதன் பின்பக்கம் இரண்டே வரி. அட்டை வைத்திருப்பவருக்குப் பாதிக் கட்டணம்; மடியில் அமர்ந்து வருவோருக்குக் கட்டணம் இல்லை. எத்தனை வயதுவரை என்று போட, அச்சடித்தவர் மறந்துவிட்டார்.

"யார் மடின்னு போடலையே?" என்றான் மொக்கராசு.

"அட்டை யாருதோ அவர் மடிதான். கண்டவன் மடியில போய் உக்காந்தா கௌரவமாவா இருக்கும்?" என்றான் ஒச்சப்பன்.

நியாயமாகத்தான் பட்டது. சங்கிலிமுத்துவின் இடது தொடையில் ஒச்சப்பன், வலது தொடையில் மொக்கராசு. பஸ்ஸில் நாற்பது சீட் காலியாகக் கிடந்தது. மனம் இளகிய கண்டக்டர், "சும்மாவே உக்காருங்கப்பா, டிக்கெட் கேக்கமாட்டேன்" என்றார்.

"அட்டையில அப்படிப் போடலையே" என்றார்கள் மூவரும்.

டீக்கு நிறுத்திய இடத்தில்கூட இறங்கவில்லை. எழுந்தால் சலுகை போய்விடாதா? மூன்று மணி நேரம் அப்படியே போனார்கள்.

மண்டபத்துக்குள் சங்கிலிமுத்துவை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது மணி பத்தாக ஐந்து நிமிடம். கொழுந்தன் அதற்குள் பட்டு வேட்டியை ஒதுக்கிச் சம்மணம் போட்டுவிட்டான்.

"என்னண்ணே ஆச்சு?" என்று அலறினாள் அன்னக்கொடி.

"ரெண்டு காலும் மரத்துப்போச்சு தாயி. கிள்ளினாக்கூடத் தெரியல" என்றான் சங்கிலிமுத்து.

ஒச்சப்பன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "வலியே தெரியாத மடியில உக்காந்தா பிள்ளைக்கு மட்டும் எப்படி வலிக்கும்?"

சபை அசந்துபோனது. கொழுந்தனை எழுப்பிவிட்டு மாமனை உட்காரவைத்தார்கள். வயிறு முட்டப் பால் குடித்திருந்த பிள்ளை அவன் மடியில் தூங்கிவிட்டது. ஆசாரி இரண்டு காதையும் குத்தினார். பிள்ளை சிணுங்கக்கூட இல்லை.

அவ்வளவுதான். தலைவலிக்காரர், முதுகுவலிக்காரர், நகச்சுற்று வந்தவர் என்று பந்தியை விட்டுவிட்டு மடிக்கு வரிசை நின்றது. அத்தனை பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தது அந்தக் கொழுந்தன்தான். ஒரு வாரமாக இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் வலியாம்.

"மச்சான், கொஞ்சம் இடம் குடுங்க" என்று கெஞ்சி மடியில் உட்கார்ந்தான். சங்கிலிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. கொழுந்தனும் கண்ணை மூடி, "அப்பாடா!" என்றான்.

சற்று நேரத்தில் சங்கிலிமுத்துவின் இடது காலில் சுருக்சுருக்கென்று உணர்ச்சி திரும்பியது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

"ஐயோ!" என்று இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினான் கொழுந்தன். "இந்தப் பக்கப் பல்லு மறுபடி வலிக்குதே! யாராவது சீக்கிரம் அந்தத் தொடையில ஏறி உக்காருங்கய்யா!"