எல்லாரும் அடங்கிய படம்

கோணவயல் எங்கள் ஊருக்குப் பக்கம் என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் சடையப்பன், வெள்ளைக்கண்ணு, தவசி என்று மூன்று பங்காளிகள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு கேமராவும், கடையில் இருந்ததிலேயே மலிவான ஒரு பிரைம் லென்ஸும் வாங்கினார்கள்.

கடைக்காரர் நல்ல மனுஷர். பொறுமையாக இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். இதில் ஜூம் கிடையாது. பெரிசாகத் தெரியணும்னா கிட்ட போங்க, எல்லாரும் அடங்கணும்னா பின்னால போங்க. இன்னொன்று, ஆளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் மங்கலாகிவிடும், அதுதான் அழகே.

மூவரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். தினமும் எதையாவது எடுத்தார்கள். கிட்டப் போனதில் இட்லி சடையப்பன் மூக்கில் ஒட்டியது, கன்றுக்குட்டி லென்ஸை நக்கியது. மற்றபடி குறையில்லை.

அப்போதுதான் ரைஸ்மில் பொன்னுரங்கம் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவர் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு வாய்க்கால் தகராறு. பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து இந்தக் கல்யாணத்தில்தான் ராசியானார்கள். மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்புவதற்குள் இரண்டு குடும்பமும் ஒரே படத்தில் நிற்கவேண்டும், அதைக் கூடத்தில் மாட்டி தினமும் பார்க்கவேண்டும். பொன்னுரங்கத்துக்கு வேறு ஆசையே இல்லை. படம் எடுக்க மூவரையும் கூப்பிட்டார்.

மில் களத்தில் பெண் வீட்டார் முன்வரிசை, மாப்பிள்ளை வீட்டார் பின்வரிசை என்று அமைதியாகத்தான் நின்றார்கள். வெள்ளைக்கண்ணுவுக்குத் தொழில் நேர்மை அதிகம்.

“பின்னால நிக்கிறவங்க எல்லாம் மங்கிப்போயிடுவீங்க. முன்னாடியே சொல்லிடறோம்.”

மாப்பிள்ளையின் சித்தப்பா கதிரேசன் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏன் சம்பந்தி, மங்குறதுக்கு எங்க ஆளுங்கதான் கிடைச்சாங்களா?”

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வந்தார்கள். பெண் வீட்டார் அதற்கும் முன்னால் வந்தார்கள். இப்படியே இரண்டு வரிசையும் நகர்ந்து நகர்ந்து கேமராவையே தாண்டிப் போய்விட்டன. யாரோ வாய்க்கால் பேச்சை எடுத்தார்கள். பொன்னுரங்கத்துக்கு வியர்த்தது.

தவசிதான் வழி சொன்னான். யாரும் யாருக்கும் பின்னால் நிற்கவேண்டாம், ஒரே வரிசை. அப்படியே நின்றார்கள். வரிசை மில் வாசலில் தொடங்கி மாட்டாஸ்பத்திரியில் முடிந்தது. லென்ஸில் அடங்கவில்லை. மூவரும் பின்னால் போனார்கள். பொன்னுரங்கத்தின் மதில் முதுகில் இடித்தது.

“சுவரு இருக்கே” என்றான் சடையப்பன்.

“கடைக்காரர் சுவரு வரைக்கும் போகச் சொன்னாரா, பின்னால போகச் சொன்னாரா?” என்று கேட்டான் தவசி.

“பின்னால.”

“அப்ப நடுவுல வந்தது சுவரோட தப்பு.”

பொன்னுரங்கம் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. கடப்பாரையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

மதிலைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருந்த ஏரியைச் சுற்றி, அக்கரைக்குப் போன பிறகு எல்லாரும் அடங்கினார்கள். தவசி பாதி வழியில் நின்று, சிரிக்கச் சொல்கிறார்கள் என்று கத்தினான். வேன்காரர் ஹாரன் அடிக்க அடிக்க, படம் எடுத்தாகிவிட்டது.

சட்டம் போட்ட படம் கூடத்துக்கு வந்தது. ஏரி நன்றாக விழுந்திருந்தது. அதற்கு அந்தப்பக்கம் கடுகு கொட்டி வரிசையாக ஒதுக்கிவிட்ட மாதிரி ஒரு கோடு. மறுவீட்டுக்கு வந்திருந்த கதிரேசனுக்குப் பரம திருப்தி. இரண்டு வீட்டுக் கடுகும் ஒரே அளவு, ஒன்றுகூட மங்கவில்லை. வாய்க்கால் பேச்சை இனி எடுப்பதில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

பொன்னுரங்கம் மட்டும் தயங்கினார். “இதுல எம் பொண்ணு எது?”

“கிட்ட போங்க, பெரிசாத் தெரியும்” என்றான் வெள்ளைக்கண்ணு.

அவர் வாசலிலிருந்து படத்தைப் பார்த்தபடியே மெதுவாக நடந்து வந்தார். மூக்கு படத்தின் கண்ணாடியில் இடித்தது.

“லேசா புடவை மாதிரி தெரியுதுப்பா. இன்னும் கொஞ்சம் பெரிசானா முகம் தெரிஞ்சிடும்.”

“அப்ப இன்னும் கொஞ்சம் போங்க.”

“சுவரு இருக்கே.”

மூவரும் பதில் சொல்வதற்குள் பொன்னுரங்கம் கடப்பாரை எடுக்கப் போய்விட்டார்.