உப்பில்லாத தினை

காட்டை ஒட்டி, கடலில் போய்ச் சேரும் ஒரு கழி இருந்தது. அந்தக் கழியில் ஓர் உடும்பு தோணி ஓட்டியது. தோணித் தலைவன் என்பதால் எல்லோரும் அதைத் தண்டேல் என்று கூப்பிடுவார்கள். தோணியில் வேலைக்கு ஒரு நீர்நாய் இருந்தது. நல்லவன்தான், ஆனால் சரியான தூங்குமூஞ்சி!

அக்கரையில் ஓர் அணில் கோடை முழுக்க ஓடி ஓடித் தினை பொறுக்கியது. மழைக்காலம் முழுக்க அதன் பிள்ளைகளுக்கு அதுதான் சாப்பாடு. மூட்டைகளைத் தோணியில் ஏற்றி, மேலே ஓர் ஓலைப்பாயை இழுத்துப் போர்த்தியது.

"தண்டேல் அண்ணே, பாயை மட்டும் எடுத்துடாதீங்க!"

இப்படிச் சொல்லிவிட்டு, ஓர் ஆமையின் முதுகில் ஏறி முன்னாலேயே இக்கரை வந்துவிட்டது.

தோணி கழிமுகத்தில் கடல்நீர் ஏறட்டும் என்று காத்து நின்றபோது மழை பிடித்தது. நீர்நாய்க்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. மூக்கில் சொட்டுச் சொட்டாய் விழுந்தால் எங்கே தூங்குவது? தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த துரைக்கு மழை ஆகவில்லை! மூட்டைமேல் இருந்த பாயை உருவித் தன்மேல் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டது. மழை முழுவதும் தினையில் இறங்கியது.

தோணியின் முன்பக்கம் இருந்த உடும்பு திரும்பிப் பார்த்தபோது மழையே நின்றுவிட்டிருந்தது.

"அடப்பாவி! என்ன காரியம்டா பண்ணினே? யாராவது கேட்டால் அலை ஏறிடுச்சுன்னு சொல்லு. வேறு ஏதாவது சொன்னே, தோணிப்பக்கமே உன்னைச் சேர்க்க மாட்டேன்!"

கரையில் மூட்டையைப் பிரித்தார்கள். தினை ஊறிக் கறுத்துப் புளித்த நாற்றம் அடித்தது.

"ஐயோ, என் பிள்ளைகளுக்கு நான் என்னத்தைப் போடுவேன்!" என்று அணில் வயிற்றில் அடித்துக்கொண்டது.

வழக்கு, தோணித்துறையில் நியாயம் சொல்லும் நாரையிடம் போனது. அந்தத் துறையில் ஒரு சட்டம் உண்டு. அலை ஏறிச் சரக்கு நனைந்தால் அது கடல் செய்த வேலை, சரக்குக்காரர்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோணிக்காரரின் அசட்டையால் நனைந்தால், தோணிக்காரர் வேறு சரக்கு கொடுக்க வேண்டும். இன்னொரு வழக்கமும் இருந்தது. சாட்சி சொல்கிறவர் கெட்டுப்போன சரக்கில் ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டுத்தான் பேச வேண்டும். அந்த ருசி நாக்கில் இருக்கும்போது பொய் வராதாம். வராமல் என்ன? நன்றாகவே வரும்!

நீர்நாய் ஒரு வாய் தினையை மென்றது. புளித்தது, கசந்தது. உப்புதான் இல்லை. கடல்தண்ணீர் பட்டிருந்தால்தானே உப்புக் கரிக்கும்!

"சொல்லு, எப்படி நனைந்தது?" என்றது நாரை.

உடும்பு முறைத்துப் பார்த்தது. நீர்நாய் தலையைக் குனிந்துகொண்டது.

"அலைங்க... பெரிய அலை. அப்படியே தோணிக்குள்ள வந்துடுச்சு."

"அப்படியானால் அணிலுக்குத் தோணிக்காரர் எதுவும் தர வேண்டியதில்லை!" என்று நாரை தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அணில் அழுதது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீர்நாயின் பக்கம் வந்தது.

"ஏன் தம்பி தலையைத் தொங்கப் போட்டிருக்கே? அவ்வளவு பெரிய அலையிலே நீ உசுரோட வந்து சேர்ந்தியே, அதுவே பெரிசு. தினை போனால் போகட்டும். உப்பை அலசிப் பார்க்கிறேன், நாலு மணியாவது தேறாதா?"

நீர்நாய்க்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். அணில் மூட்டையை நல்லதண்ணீர் ஊற்றுப் பக்கம் இழுக்கத் தொடங்கியது.

"உப்பே இல்லை அக்கா!" என்று கத்திவிட்டது நீர்நாய்.

"என்னடா உளர்றே?" என்று சீறியது உடும்பு.

"அலையும் வரலை, ஒண்ணும் வரலை. மழை பெஞ்சுது. உங்க பாயை எடுத்து நான் போத்திக்கிட்டுத் தூங்கிட்டேன் அக்கா!"

நாரை தீர்ப்பை மாற்றியது. உடும்பும் நீர்நாயும் அக்கரைக் காட்டில் நாள்கணக்கில் தினை பொறுக்கி, அணிலின் பொந்து நிறையக் கொட்டின. அணில் வாங்கி வைத்துக்கொண்டது. நீர்நாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துறையில் அணிலை எதிரே பார்த்தால் நீர்நாய் தண்ணீருக்குள் முங்கிவிடும்.

அடுத்த வருஷம் அணில் மறுபடியும் அதே தோணிக்கு மூட்டை கொண்டுவந்தது. கையில் இரண்டு பாய்கள் இருந்தன. ஒன்றை மூட்டைமேல் போர்த்தியது. இன்னொன்றை நீர்நாயிடம் நீட்டியது.

"இந்தா தம்பி. அது தினைக்கு, இது உனக்கு. மழை வந்தால் போத்திக்கோ."

நீர்நாய் பாயை வாங்கிக்கொண்டது. சாட்சி சொன்ன அன்றைக்குக்கூட அது அவ்வளவு வெட்கப்படவில்லை. அந்தப் பயணத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. நீர்நாய் இரண்டு பாயையும் மூட்டைமேல் போட்டுவிட்டு, விடிய விடிய நனைந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

தப்பு செய்துவிட்டால் கேட்டவுடனே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நம் பொய்யை நம்பி, நம்மால் கெட்டவரே நமக்கு ஆறுதல் சொல்லும்படி விடுவது அந்தத் தப்பைவிடப் பெரிய தப்பு.