ஒத்தப் பல்லு பூதத்துக்கு எங்க வலிச்சுது

வலிக்காத கன்னத்தைத் தலகாணியில வெச்சுப் படுத்துக்கோ, ஜோவி. அம்மா சொல்ற கதைக்கு நடுவுல நீ "ம்" கொட்டணும், சரியா?

ஏன் உன் "ம்" இன்னிக்கு "ப்"னு கேக்குது? பரவாயில்ல, அதே போதும்.

ஒரு ஊர்ல ஒரு ஏரி. அந்த ஏரியோட அக்கரையில ஒரு பூதம் இருந்துச்சாம். அதுக்கு அம்மா இல்ல, கூடப் பொறந்ததும் இல்ல. வாயில மேல ஒரே ஒரு பல்லு. சாயங்காலக் காத்து அந்தப் பல்லுல பட்டா "ஊய்ய்ங்"னு ஒரு சத்தம் வரும். பூதம் அதுக்குப் பதில் சொல்லும். "ஆமா, இன்னிக்குக் கொஞ்சம் குளிர்தான்" அப்படிங்கும். "நாரை வந்துச்சே, பாத்தியா" அப்படிங்கும். பேச்சுத் துணைக்கு அதுக்கு அது ஒண்ணுதான்.

ம்?

அப்புறம் ஒரு பெருமழை. சோ சோன்னு கொட்டுது. ஏரித் தண்ணியை அடைச்சு வெக்கிற மதகுப் பலகை படார்னு உடைஞ்சு போச்சு. பூதம் ஓடி வந்து, அந்த ஓட்டையில தன் தலையையே விட்டு அடைச்சுக்கிட்டு, மழை விடுற வரைக்கும் அப்படியே கிடந்துச்சு. இக்கரையில இருக்கிற ஊருக்கு இது தெரியவே தெரியாது. எல்லாரும் கம்பளியைப் போத்திட்டுத் தூங்கினாங்க.

மழை விட்டப்புறம் பூதத்துக்குக் கன்னம் விண்ணு விண்ணுனு தெறிக்க ஆரம்பிச்சுது. "ம்ங்ங்ங்"னு அது முனகினா ஊர்ல பானையெல்லாம் கடகடன்னு ஆடுது.

ஊர்க்காரங்க, பல்லு பிடுங்குற சூசையம்மாவைக் கூப்பிட்டாங்க.

"இருக்கிறது ஒரு பல்லு. அதைப் பிடுங்கிட்டா சத்தம் நின்னுடும். போயிட்டு வா."

"யாராவது கூட வாங்களேன்."

"நாங்க இங்கேர்ந்தே பாத்துக்கறோம்."

அப்போ சூசையம்மா பரிசல்ல தனியாத்தான் போனா. கையில பல்லு பிடுங்குற குறடு.

"வாயைத் தொறங்க, பூதத்தாரே."

"பிடுங்கினா மறுபடி முளைக்குமா அக்கா?"

"உங்க வயசுக்கு முளைக்காது."

"அப்போ சாயங்காலம் நான் யார்கிட்டப் பேசுறது?"

 சூசையம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூணு தரம் கேக்காம குறடு போட மாட்டா.

முதல் தரம், பல்லை டொக் டொக்னு தட்டினா. "வலிக்குதா?" "இல்லக்கா."

ரெண்டாந்தரம், கருப்பட்டியைக் கடிக்கக் குடுத்து, மேல சில்லுனு தண்ணி ஊத்தினா. "கூசுதா?" "இனிக்குது. இன்னும் கொஞ்சம் இருக்கா?"

மூணாந்தரம், "எங்க வலிக்குதுன்னு ஒரு விரலை வெச்சுக் காட்டுங்க"ன்னா. பூதத்தோட விரல் கண்ணுக்குக் கீழ போச்சு, கன்னத்துல நின்னுச்சு, அப்புறம் பல்லைத் தாண்டி வெறும் ஈறுல வந்து நின்னுச்சு.

"அங்க பல்லே இல்லையே. இல்லாத பல்லு எப்படிங்க வலிக்கும்?"

குழம்பிப் போனதுல குறடு நழுவி டங்குனு விழுந்துச்சு. பாவம், எடுத்துக் குடுக்கலாம்னு பூதம் குனிஞ்சுச்சு. குனிஞ்சதும் "ம்ங்ங்ங்"னு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுச்சு.

"குனிஞ்சாதான் வலியா? மூக்கு எப்போலேர்ந்து அடைச்சிருக்கு?"

"மதகுல தலையை விட்டதுலேர்ந்து."

அப்பத்தான் அது நடந்ததைச் சொல்லுச்சு. சூசையம்மா அதோட கன்னத்தை மெதுவா அழுத்திப் பாத்துட்டுச் சொன்னா.

"பல்லுக்கு மேல மாடியில மூக்கோட சின்ன அறை ஒண்ணு இருக்கு. அங்க சளி கட்டியிருக்கு. மாடி வீட்டுக்காரன் பண்ற ரகளைக்குக் கீழ் வீட்டுக்காரனைக் காலி பண்ணச் சொன்னா நியாயமா?"

ம்? தூங்கிட்டியா? சரி, மெதுவாச் சொல்றேன்.

ஆவி பிடிக்கப் பாத்திரமும் துணியும் வேணும்னு சூசையம்மா ஏரிக்கு இந்தாண்ட கேக்குற மாதிரி கத்தினா. ஊர்க்காரங்க நெல் அவிக்கிற அண்டாவையும் பந்தல் துணியையும் இன்னொரு பரிசல்ல வெச்சுத் தள்ளி விட்டாங்க. ஆள் யாரும் வரல. சூசையம்மாவே தண்ணியில நொச்சி இலை போட்டுக் கொதிக்க வெச்சு, பூதத்தைத் துணியால மூடி, புஸ்ஸுபுஸ்ஸுனு ஆவி காட்டினா. ஒரு தரம் காட்டினா, ஒண்ணுமில்ல. ரெண்டு தரம், ஒண்ணுமில்ல. மூணாந்தரம் "ஹா... ஹா... அச்ச்"னு ஒரு தும்மல். நாரையெல்லாம் பறந்துடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா வலி எறங்கிச்சு.

சூசையம்மா அண்டாவோட திரும்பி வந்தா.

"பல்லு எங்க?"ன்னு கேட்டாங்க.

"இருந்த இடத்துலயேதான் இருக்கு. மொதல்ல ஒரு மதகுப் பலகை செய்யுங்க. மழையில மதகை அடைச்சுக்கிட்டுக் கிடந்த அதோட தலை இனிமேலாவது காயட்டும்."

பலகை செஞ்சு அனுப்பினாங்க. உக்காந்து பேசத்தான் யாரும் போகல.

சாயங்காலம் அக்கரையில "ஊய்ய்ங்"னு கேட்டுச்சு. சூசையம்மா குறடால அண்டாவைத் தட்டினா. டங்.  ரொம்ப நேரம் கழிச்சு, அந்தப் பக்கத்துலேர்ந்து மெதுவா, பதிலுக்கு இன்னொரு "ஊய்ய்ங்".

நான் உன் பல்லைத் தட்டினப்போ நீயும் வலிக்கலன்னுதான் சொன்னே, ஜோவி. செருப்பு மாட்டக் குனிஞ்சப்போதான் அழுதே. மூக்கடைச்சு உன் "ம்" வேற "ப்"னு வருது. காலையில டாக்டரம்மாகிட்ட மொதல்ல இதைச் சொல்லணும். கூட வர அப்பா இல்லைன்னா என்ன, நாம ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லலாம். அவங்க பாத்துச் சொல்ற வரைக்கும் உன் பல்லு மேல யாரையும் கை வெக்க விட மாட்டேன்.

கதை கரை சேந்தாச்சு, நீ தூங்கு. இனிமே "ம்" கொட்ட வேண்டாம்.

ஜோவி?

ஒரே ஒரு தரம் கொட்டிட்டுத் தூங்கு.