ஏழு அடுக்கு அத்தர்

"ஏழு அடுக்கு வெச்சிட்டேன், உஸ்தாத். வாடை இன்னும் போகல" என்றார் ஏசுபாதம்.

உஸ்தாத் அவருடைய மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார். உடனே விட்டுவிட்டார்.

"கழுவிட்டு வாங்க, ஐயா."

உஸ்தாத்தின் பெயர் நூருல் அமீன். வயது முப்பத்திரண்டு. பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் அத்தர் கலந்து கொடுப்பவர். சீடருக்கு ஐம்பத்தொன்பது. குரு சீடரை ஐயா என்று கூப்பிடுவதும், குருவைக் கண்டால் சீடர் எழுந்து நிற்பதும் தெருவுக்கே வேடிக்கை. அவர்கள் இருவருக்கும் அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

ஏசுபாதம் முப்பத்தொரு வருடம் டேனரியில் தோல் பதனிட்டவர். ஓய்வு பெற்ற மறுமாதமே இங்கே வந்தார். தனக்கென்று ஒரு வாசனை வேண்டும், அதைத் தானே கலக்கப் பழக வேண்டும் என்றார். எந்த மாதிரி வாசனை என்று உஸ்தாத் கேட்டார்.

"நான் தெரியாத மாதிரி."

உஸ்தாத் ஒரு மூலையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அவருடைய மூக்கைக் குறை சொல்ல முடியாது. தோல் பதத்துக்கு வந்ததா இல்லையா என்று முகர்ந்தே சொன்ன மூக்கு. மூன்றே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருபது அத்தர்களைப் பிரித்துச் சொன்னார். கலக்குவதில்தான் கோளாறு.

டேனரியில் தோலைக் குழி மாற்றிக் குழி போடுவார்கள். முதலில் சுண்ணாம்பு. பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீர். பிறகு எண்ணெய். ஒவ்வொன்றும் பழைய வாடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கடைசியில் அது ஆடாக இருந்த சுவடே இருக்காது.

மனுஷர் அதையே தன் மேலும் செய்து பார்த்தார். ஊது என்கிற அகில் அத்தர், சந்தனம், கஸ்தூரி, வெட்டிவேர், ரோஜா, தாழம்பூ, மல்லிகை. ஒன்று காயக் காய அடுத்தது. பாவம், அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஒருநாள் பிரியாணி மாஸ்டர் ஒருவர் வந்தார். பெண் பார்க்கப் போக வேண்டும், எது பூசினாலும் வெங்காயம்தான் முன்னால் நிற்கிறது என்று புலம்பினார். உஸ்தாத் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அரிசியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நடுநடுவே கையை முகர்ந்தார். ஏசுபாதத்துக்கு எரிச்சலாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு புட்டி திறந்தது. சந்தனம் ஒரு சொட்டு. அது அடங்கியதும் வெட்டிவேர் ஒரு தீற்று. மாஸ்டர் தன் கையைத் தானே முகர்ந்துகொண்டு சந்தோஷமாகப் போனார்.

ஏசுபாதம் அந்த இரண்டு பெயர்களையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் அதே அளவில் தன் கையில் வைத்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"கழுவிட்டு வாங்க" என்றார் உஸ்தாத்.

இப்படியே மாதங்கள் போயின. ஆனால் இந்தச் சனிக்கிழமை அவர் கழுவப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

"நேரமில்ல, உஸ்தாத். நாளைக்கு ஞானஸ்நானம்."

மகள் ஜெசிந்தாவின் பிள்ளைக்கு. பீடம் வரைக்கும் தாத்தாதான் தூக்கிவர வேண்டும் என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். தாத்தாவோ பிள்ளையை இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. பிறந்த புதிதில் பார்க்கப் போனபோது கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். ஏசுபாதம் கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார் உஸ்தாத்.

"ஜன்னலத் தொறந்தாங்க."

"எந்த மாசம்?"

ஏசுபாதம் யோசித்தார். "சித்திரை."

"ஆனா எதுக்குத் தொறந்தாங்கன்னு எனக்குத் தெரியும், உஸ்தாத்" என்று அவரே சொன்னார்.

உஸ்தாத் வீட்டுக்குள் போனார். வரும்போது தோளில் அவருடைய மகள் இருந்தாள். மூன்று மாதக் குழந்தை. அப்போதுதான் குளிப்பாட்டி சாம்பிராணிப் புகை காட்டியிருந்தார்கள். அவளை ஏசுபாதத்தின் கையில் விட்டார். பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள். பிடித்துக்கொண்டார்.

குழந்தை ஒரு தும்மல் போட்டாள். இன்னொன்று. மூன்றாவதில் வீறிட்டாள். உஸ்தாத் வாங்கிக்கொண்டார்.

"கழுவிட்டு வாங்க."

ஏசுபாதம் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து, முழங்கைக்கு மேல்வரை அரப்புப் போட்டுத் தேய்த்தார். முதலில் மல்லிகை போனது. ஊது போக அரை மணி நேரம் பிடித்தது. எல்லாம் போன பிறகு கையை முகர்ந்து பார்த்தார். அடியில் அந்தத் தோல் வாடை அப்படியே இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

உஸ்தாத் மறுபடியும் குழந்தையை நீட்டினார்.

"வேணாம், உஸ்தாத். பிள்ளை மேல ஒட்டிக்கும்."

உஸ்தாத் நீட்டியபடியே நின்றார். குழந்தைக்குத் தலை இன்னும் சரியாக நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் ஏசுபாதம் வாங்கிக்கொண்டார்.

அவள் கொஞ்சம் நெளிந்தாள். அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். பிறகு முழங்கை மடிப்பில் மூக்கை வைத்துத் தூங்கிப்போனாள்.

உஸ்தாத் வந்தவர்களுக்கு அத்தர் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏசுபாதம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போயிற்று. மாற்றி உட்கார மனம் வரவில்லை.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். உஸ்தாத் எழுந்து வந்து குழந்தையை வாங்கினார். அவள் உச்சந்தலையை முகர்ந்தார். கன்னத்தை முகர்ந்தார். கவுனை முகர்ந்தார். வாடிக்கையாளர் கையை முகர்கிற அதே நிதானம்.



"தோல் வாடை ஒட்டியிருக்கா, உஸ்தாத்?"

"ஒட்டியிருக்கு" என்றார் உஸ்தாத்.

குழந்தையை மறுபடி அவர் மடியிலேயே போட்டுவிட்டுத் தொழப் போனார்.