சுங்குடிச் சிவப்பு

“இன்னும் எத்தனை நாளைக்கு நான் தட்டுக் கழுவிக்கிட்டே இருக்கிறது, டாக்டரம்மா?” என்று கேட்டார் தணிகாசலம்.

சீடருக்குத் தலை நரைத்துவிட்டது. குருவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

மலையடிவாரத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு விடுதி, அதை ஒட்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடம் டாக்டர் கோதையின் ராஜ்யம். அங்கே தணிகாசலம் கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவார், கிருமி வளர்க்கும் கூழைக் காய்ச்சி அவற்றில் ஊற்றுவார். கூழ் ஆறி இறுகியதும் நோயாளியின் மலத்தைக் கம்பி நுனியால் தொட்டு அதன்மேல் இழுப்பார்கள். ஓர் இரவு வெதுவெதுப்பில் இருந்தால் போதும். மறுநாள் கிருமிகள் புள்ளி புள்ளியாக எழுந்து நிற்கும்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்து இது இன்னது என்று சொல்ல மட்டும் அவருக்கு அனுமதி இல்லை.

“சோறு போட்டு வளக்கிறது நான். பேரு வெக்கிறது மட்டும் நீங்க.”

“கண்ணு வரட்டும், அண்ணே.”

“நான் கண்ணாடி போடாமயே ஊசி கோப்பேன்!”

கோதை ஒரு தட்டை எடுத்து, நிறம் சரியாகத் தெரிய மேஜையில் இருந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்தார். “சொல்லுங்க.”

“கூழுக்குள்ள பால்சர்க்கரை போட்டிருக்கோம். அதைத் தின்னது இதோ செக்கச்செவேல்னு நிக்குது. எல்லார் குடல்லயும் இருக்கிற சாதாரணக் கிருமி. இது பாருங்க, தண்ணிச் சொட்டு மாதிரி நிறமே இல்லாம நிக்குது. சர்க்கரையைத் தொடலை. டைபாய்டு கிருமி இப்பிடித்தான் நிக்கும். சந்தேகப்படணும்.”

“வெத்திலை போட்ட வாய், போடாத வாய்.”

“அதேதாங்க.”

“இது யாரோட தட்டு?”

“எனக்கென்ன தெரியும்?”

“யாருதுன்னு தெரியாது. அதான் டக்குனு சொல்லிட்டீங்க” என்று தட்டை எடுத்துக்கொண்டு கோதை வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

சரியாகச் சொன்னதும் ஒரு குற்றமா என்று முணுமுணுத்தபடி தணிகாசலம் குழாயடிக்குத் திரும்பினார்.

*

அவருடைய மனைவி சௌந்தரம் விடுதியில் சமையல் பார்த்தவள். அவள் கையால் வாங்கிய சோற்றை ஒரு பிள்ளையும் மிச்சம் வைத்ததில்லை.

போன மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு ஒருவர் பின் ஒருவராக டைபாய்டு வந்தது. தண்ணீரைச் சோதித்தார்கள், பாலைச் சோதித்தார்கள். கடைசியில் சமையலறை ஆட்களைச் சோதித்தபோது கிருமி சௌந்தரத்திடம் இருந்தது. அவளுக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. எப்போதோ வந்துபோன காய்ச்சல், போகிற போக்கில் அவள் வயிற்றில் குடியிருந்துவிட்டது.

பிள்ளைகள் எல்லாரும் தேறினார்கள். சின்னவள் பவுனு மட்டும் எமன் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

சௌந்தரத்துக்கு வாரக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். அதன்பின் அவளுடைய மூன்று தட்டுகள் அடுத்தடுத்து, நிறமில்லாத புள்ளி இன்றிச் சுத்தமாக வர வேண்டும். அதுவரை அடுப்படிப் பக்கம் போகக்கூடாது.

வீட்டிலும் அவள் அடுப்பை மூட்டவில்லை. உங்களுக்கும் வந்து தொலைச்சிட்டா என்றாள். இரண்டு வேளையும் விடுதியிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் இல்லாத புளியைக் கரைக்கும். தணிகாசலம் பார்க்காததுபோல வேறெங்கோ பார்ப்பார்.

அவள் ரசத்துக்கு அவர் நாக்கு ஏங்கியது. “இன்னும் ஒரு கரண்டி ஊத்தவா?” என்று அவள் கேட்பதற்குக் காது அதைவிட ஏங்கியது.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் பவுனு வந்து நிற்பாள்.

“சௌந்தரம்மா, எப்ப வருவீங்க? புது அக்கா வெக்கிற சாம்பார் ஒரே தண்ணி!”

“வந்துடறேன்டி தங்கம்.”

சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து அழுவாள்.

முதல் தட்டு சுத்தமாக வந்தது. இரண்டாவதும் வந்தது.

*

“மூணாவது தட்டை நான் படிக்கிறேன், டாக்டரம்மா. இத்தனை நாள்ல உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லை.”

கேட்காத நாளே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கோதை மூன்றாவது தட்டை மேஜையில் எடுத்து வைத்தார்.

“நான் காலையிலயே பாத்துட்டேன். இப்ப நீங்க பாருங்க.”

தணிகாசலம் முதலில் டாக்டரின் முகத்தைத்தான் படித்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெள்ளை ஓடு மேஜையிலேயே கிடந்தது.

ஜன்னலுக்கு வெளியே, கம்பிக்கு நாலடி தள்ளி, சௌந்தரம் நின்றிருந்தாள். தீபாவளிக்கு எடுத்து இதுவரை கட்டாத சிவப்புச் சுங்குடிச் சேலையைக் கட்டியிருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். இங்கிருந்து நேரே அடுப்படிக்குப் போகிற ஆயத்தம்.

அவர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

நடுவில் இருந்த புள்ளிகள் சிவப்பு. ஓரத்தில் தனியாகச் சில புள்ளிகள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவையும் சிவப்பு.

“சிவப்புங்க!” அவர் முகமெல்லாம் சிரிப்பு. “எல்லாம் சிவப்பு! ஓரத்துல இருக்கிறது கொஞ்சம் வெளிறின சிவப்பு. ஆனாலும் சிவப்புதான்!”

அவர் சிரிப்பதைப் பார்த்து வெளியே சௌந்தரம் தலைக்கு மேல் கைகூப்பினாள்.

“அண்ணே, ஜன்னல் திரையைப் போடுங்க.”

“வெளிச்சம் வேணுமே, டாக்டரம்மா.”

“வெள்ளைத் துணிதானே. வெளிச்சம் வரும்.”

தணிகாசலம் திரையின் ஓரத்தைப் பிடித்தார். அந்தப் பக்கம் அவள் சிரித்த முகத்தோடு, என்ன என்பதுபோல மோவாயைத் தூக்கினாள். அவர் கை நகரவில்லை.

“அவ பாத்துக்கிட்டு நிக்கிறா.”

“தெரியும்.”

அவர் திரையை இழுத்தார். அவள் மறைந்துபோனாள்.

மறுபடியும் தட்டைத் தூக்கிப் பிடித்தார். வெள்ளைத் துணியில் வெயில் பரவியிருந்தது. நடுவில் இருந்தவை சிவப்பாகவே இருந்தன. ஓரத்தில் சில தண்ணீர்ச் சொட்டுகள் நின்றன.

தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“நிறம் இல்லீங்க.”

கோதை அவர் கையிலிருந்து தட்டை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“இது டைபாய்டு கிருமிதானான்னு அடுத்த சோதனை சொல்லும். ஆனா இன்னிக்கு அக்காவை அடுப்படிக்கு அனுப்ப முடியாது.” பிறகு சொன்னார். “நாளையிலேருந்து எல்லாத் தட்டையும் நீங்களே படிங்க.”

எத்தனையோ நாளாகக் கேட்கத் தவித்த வார்த்தை அது. வந்த நேரத்தில் அவருக்கு அதில் ஒரு ருசியும் இல்லை. தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார்.

சௌந்தரம் அதற்குள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டிருந்தாள்.

“திரை விழுந்தப்பவே தெரிஞ்சுபோச்சு” என்றாள். “அப்ப முதல்ல எதுக்குச் சிரிச்சீங்க?”

“உன் புடவை அந்த நிறமில்லாத புள்ளிக்குள்ள தெரிஞ்சுது. நான் அதைத்தான் கிருமியோட சிவப்புன்னு நெனச்சுட்டேன்.”

அவள் குனிந்து புடவையைப் பார்த்தாள். சிரித்தாள். பாதிச் சிரிப்பில் குரல் உடைந்தது.

“அப்படின்னா அடுத்த தடவை நான் வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு வந்து நிக்கணுமா?”

“சீ, வாயைக் கழுவு!”

தணிகாசலம் அவள் முந்தானையை எடுத்து, அதிலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

“இதையே கட்டிக்கிட்டு வா. இங்கயே வந்து நில்லு. நான் திரையைப் போட்டுக்கிறேன்.”